பதினான்காம் கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் காலும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். நாலு வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக் கதவில் நான் மாட்டிக் கொடுத்த விளக்கு எரிகிறதா? வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பை மட்டும் மாற்றுங்கள், வயரில் கை வைக்காதீர்கள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கண்ணிவெடி உங்கள் இடது காலோடு இரண்டு காதையும் சேர்த்துக் கொண்டுபோனதால் போனில் பேச வழியில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் “ஒயர்லெஸ்ல உத்தரவு வந்த மாதிரி இருக்கு, மனுஷன் எழுதின மாதிரி இல்ல” என்கிறீர்கள். அம்மா இருந்தவரை அவள் எழுதினாள். இனி நான்தான். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முன்னாள் படைவீரர் நலத்துறையில், புள்ளிவிவரப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை, நல்ல கம்ப்யூட்டர். துறையிடம் இருப்பது இரண்டு மருத்துவ வண்டி, வண்டிக்கு ஒரு நர்ஸ். இதுவரை எந்த நிறுத்தத்தில் யார் சத்தமாகக் கேட்டார்களோ அங்கே வண்டி போயிருக்கிறது. வயது, காயம், வீட்டில் துணை உண்டா இல்லையா என்று பார்த்து அனுப்பியிருக்க வேண்டாமா? பதினைந்து கட்டம் கொண்ட படிவம் ஒன்று எல்லாருக்கும் தபாலில் வரும். உங்களுக்கும் வரும். பதினான்காவது முக்கியம்: உடன் வசிப்பவர் யார், எத்தனை பேர். பதினைந்தாவது: கடந்த ஓராண்டில் பார்க்க வந்த உறவினர் யார். பத்து நிமிஷ வேலை. தலையணைக்கு அடியில் வைத்து அடைகாக்காமல் உடனே அனுப்புங்கள்.

அத்தையிடம் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அக்கா மகன்


ஜனவரி 27

அன்பு மாப்ளைக்கு,

மாமன் இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்.

காலைக் கேட்டாய். இருக்கிற கால் சௌக்கியம். இல்லாத கால் மழை வந்தால் வலிக்கிறது. அதை உன் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடினேன், இடம் விடவில்லை நீ. விளக்கு எரிகிறது. அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலையாம்.

நீ சொல்லும் வண்டி எங்களுக்குப் புதன் விட்டுப் புதன் நீர்த்தொட்டி நிறுத்தத்துக்கு வருகிறது. வரும் நர்ஸம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. வராதவன் வீட்டுக்கே போய்க் கதவை இடிப்பாள். என் செயற்கைக் காலுக்குள் பஞ்சு வைத்துச் சரிசெய்வது அவள்தான். என்னோடு படையில் இருந்தானே, முந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் சமைத்தவன், அவனும் அங்கே வருவான். இன்னும் எங்களுக்கு அவன் ‘சமையல்’தான். என்னிடம் பேசுவதற்கென்றே ஒரு சிலேட்டுப் பலகை வாங்கி வைத்திருக்கிறான். போன வாரம் அதில், “உன் மருமகன் நம்மளை எண்ணப் போறானாமே, காலை எண்ணுவானா தலையை எண்ணுவானா?” என்று எழுதிக் காட்டினான்.

படிவத்தை இதோடு தபாலில் போட்டுவிட்டேன். தெரிந்தவரை எழுதியிருக்கிறேன்.

என்றும் உன் நன்மை நினைக்கும் மாமன்


மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே இருவரும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

மூவாயிரத்து நூற்று நாற்பது படிவங்கள் வந்தன. மூன்று வாரம் கண் பிதுங்கக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பதினான்காம் கட்டத்தை நானூற்றுப் பன்னிரண்டு பேர் காலியாக விட்டிருக்கிறார்கள். துப்பாக்கி தூக்கியவர்களுக்குப் பேனா கனக்கிறது போலிருக்கிறது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று வரை மணிமணியாகக் கையெழுத்து, கடைசி இரண்டும் காலி. ஏன் மாமா இந்தச் சோம்பல்?

காலியை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும். ஆபீஸில் எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். நான் ஒரு விதி எழுதினேன்: ஓய்வூதியப் பதிவேட்டில் மனைவி பெயர் இருந்து, பதினான்காம் கட்டம் காலியாக இருந்தால், மனைவியுடன் வசிக்கிறார் என்று நிரப்பு. வீட்டில் மனைவி இருப்பதை எவன் மெனக்கெட்டு எழுதுவான்? சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது என்று எழுதுவது மாதிரி. சோதித்துப் பார்க்கத் தெரிந்த வீடு ஒன்று வேண்டும் அல்லவா, உங்கள் வீட்டை எடுத்துக்கொண்டேன். படிவத்தில் காலி, பதிவேட்டில் அத்தை, வீட்டிலும் அத்தை. கச்சிதமாகப் பொருந்தியது. இயக்குநர் அம்மா எல்லார் முன்னாலும் பாராட்டினார். பதினைந்தாம் கட்டத்தில் அதைவிட அதிகம் காலி. அதை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டேன்.

ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்காது. ஏப்ரல் முதல் நீர்த்தொட்டி நிறுத்தம் கிடையாது. உங்கள் நிறுத்தத்தில் நாற்பத்தாறு பேர். அதில் காலியாக விட்டவர்கள் முப்பத்தொருவர், எல்லாரும் பதிவேட்டில் மணமானவர்கள். மீதிப் பதினைந்து பேரும் துணை இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். ஆக, எல்லாருக்கும் துணை உண்டு. வண்டி இனித் துணையில்லாதவர்கள் இருக்கும் பக்கம் போகும். சொந்த மாமாவின் நிறுத்தத்தையே எடுத்தவன் என்று எனக்கு இங்கே நல்ல பெயர். உங்களுக்கென்ன, பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ், கூட அத்தை வருவார்.

உங்கள் அக்கா மகன்


ஏப்ரல் 22

அன்பு மாப்ளைக்கு,

மாமன் நலம். கால் நலம், ஒன்றுதானே, நலமாக இல்லாமல் எங்கே போகும். உன் கடிதம் அப்போதே கிடைத்தது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, கடை தூரம். அதனால் தாமதம்.

உனக்கு நல்ல பெயர் கிடைத்ததில் சந்தோஷம். உன் அம்மா இருந்திருந்தால் தெருவுக்கே சொல்லி முடித்திருப்பாள்.

ஒரு சந்தேகம். அந்தப் பதினான்காம் கட்டத்தை ஒருத்தர் காலியாக விட்டுவிட்டு, பிற்பாடு எழுதித் தருகிறேன் என்றால் ஏற்றுக்கொள்வீர்களா? தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்கிறேன்.

புதன்கிழமையானால் பழக்கதோஷத்தில் எல்லாரும் நீர்த்தொட்டிக்கு வந்துவிடுகிறார்கள். பத்து மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைகிறோம். சமையலுக்குச் சர்க்கரை வியாதி, வலது கால் பெருவிரலில் புண். ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். “ரெண்டு பஸ் மாறி அங்க போய் நிக்கறதுக்கு இங்கயே உக்காந்து அழுகிப்போறேன்” என்று பலகையில் எழுதிக் காட்டிச் சிரிக்கிறான். கொழுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமன்


ஏப்ரல் 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்பதையெல்லாம் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள், வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: முடியாது. பட்டியல் மூடியாகிவிட்டது. அடுத்த கணக்கெடுப்பு மூன்று வருஷம் கழித்து. வண்டி நின்றதும் ஆளாளுக்கு “நான் தனிக்கட்டை” என்று கிளம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். யார் அந்தத் தெரிந்த ஒருத்தர்? சமையல் மாமாவா? அவர் பதிவேட்டில் மனைவி இருக்கிறார், பார்த்துவிட்டேன். அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். நீங்கள் இளகிய மனசுக்காரர், ஆளுக்கு ஆள் பரிந்து பேசாதீர்கள்.

இன்னொன்று. அத்தை கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தால் என் நோட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார், சாய்ந்த எழுத்து. அதைப் பார்த்து நாளாயிற்று.

உங்கள் அக்கா மகன்


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று அந்த நர்ஸம்மா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்க என் மேஜை முன்னால் நின்று, “தம்பி, நீங்கதானே காலியா இருந்ததையெல்லாம் ரொப்பினது?” என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஓரம் கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கீபோர்டின் மேல் போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்து அவர் கைப்பட எழுதி வைத்த நோட்டு. இது போன வருஷமே எங்கள் பிரிவுக்கு வந்ததாம். கையெழுத்தை ஏற்ற முடியாது என்று எங்கள் ஆட்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“நீர்த்தொட்டியில ஒருத்தர், கதவைத் திறக்க ஆறு நிமிஷம் ஆகும். நான் நிப்பேன். உங்க பட்டியல் நிக்குமா?” என்று கேட்டார்.

அவர் விரல் வைத்துக் காட்டிய பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: “ஒன்பதாம் எண். இடது கால் இல்லை, காது கேட்காது. கதவு விளக்கு எரியவில்லை, தரையை உதைத்துக் கூப்பிட வேண்டும். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. கழுவி வைத்தது ஒரு தட்டு, ஒரு டம்ளர். தனி. மனைவியைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய் ரேடியோவைப் போடுகிறார்.”

காது கேட்காதவர் ரேடியோ போடுகிறார். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை என்னால். போன வருஷம் ஆகஸ்டு மாதத் தேதி போட்டிருக்கிறது. அதில் இருப்பவர் என் மாமா என்று நர்ஸம்மாவிடம் நான் சொல்லவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

அம்மா இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அம்மா இல்லை என்பதால் நானே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அத்தை எங்கே மாமா?

உங்கள் அக்கா மகன்


ஜூன் 24

மாப்ளே,

நீ சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடு.

அத்தை எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள், கடல் தாண்டி. போய்ப் பதினாறு மாதம்.

பகல் பதினொரு மணி. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் டீயோடு வந்து தோளைத் தொட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. கைக்குச் சிக்கியது ஊன்றுகோல். திரும்பிப் பார்த்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக முன்னால் வந்து நின்றுதான் என்னைத் தொடுவாள். அன்றைக்கு ஒருநாள் மறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள். எனக்குக் காது கேட்காது, ஆனால் உதடு படிக்கத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன், திருத்தவில்லை. கட்டுப் பிரிக்கும்வரை மகளோடு இருக்கட்டும் என்று போனாள். ஆறு வாரத்தில் பிரித்துவிட்டார்களாம். அவள் வருகிறேன் என்று எழுதவில்லை, நான் வா என்று எழுதவில்லை. மகள் மாதம் ஒரு அட்டை போடுகிறாள். முழங்கால் தேவலையாம் என்றது அதில் பார்த்ததுதான்.

உன் படிவம் வந்தது. மனைவி என்று எழுதப் பேனாவை நாலு முறை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. யாருமில்லை என்று எழுதினால் ஏன் என்று நீ கேட்பாய். காலியாக விட்டால் இரண்டுக்கும் நடுவில் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் வீட்டை வைத்தே விதி போட்டிருக்கிறாய் என்று உன் மார்ச் மாதக் கடிதத்தில் படித்தேன். ஏழு வாரம் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மை தீரவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் வண்டி நின்றிருக்காது. எழுதவில்லை. கடைசியில் “தெரிந்த ஒருத்தருக்காக” என்று கேட்டேன். உன் மாமனின் வீரம் அவ்வளவுதான்.

சமையலின் மனைவி செத்து ஆறு வருஷம். பதிவேட்டில் அவளைச் சாகடிக்க அவனுக்கு மனசில்லை, சொல்லாமலே விட்டுவிட்டான். ஜூன் இரண்டாம் தேதி அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விரலில் இருந்த புண் மேலே ஏறிவிட்டது. பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தபடியே பலகையைக் கேட்டு வாங்கி எழுதினான்: “உனக்கு இடது இல்ல, எனக்கு வலது இல்ல. இனிமே ரெண்டு பேருக்கும் ஒரு ஜோடி செருப்புப் போதும்.” அவன் சிரித்தான். எனக்கு வரவில்லை.

என் கால் எல்லையில் போனது, மெடல் கொடுத்தார்கள். அவன் கால் நான் எழுதாமல் விட்ட ஒரு கட்டத்தில் போயிற்று.

மாமன்


ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதக் கூசுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்தக் கால் உங்கள் கட்டத்தில் போகவில்லை. நீங்கள் காலியாகத்தான் விட்டீர்கள். அதில் எழுதியது நான். தெரியாது என்று எழுத ஒரு குறி இருக்கிறது மாமா, முதல் வருஷப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தெரியாது என்று போட்டால் வேலை தெரியாதவன் என்பார்களோ என்று அதை நான் போடவில்லை. ஏப்ரலில் நீங்கள் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏமாற்றுக்காரர்கள் என்கிற மாதிரி எழுதினேன். அந்தக் கடிதம் உங்களிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். வேண்டாம், இருக்கட்டும்.

இயக்குநர் அம்மாவிடம் போனேன். விதி தப்பு, சோதித்தது ஒரே வீடு, அந்த வீடும் தப்பு என்றேன். யார் வீடு என்று சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். “ஒரு வீட்டை வச்சு விதி போட்டீங்க. இப்ப அதே ஒரு வீட்டை வச்சு மாத்தச் சொல்றீங்க. நர்ஸ் நோட்டை வாரியத்துல எடுத்துக்க மாட்டாங்க. அவங்கவங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவம் கொண்டு வாங்க, நானே எடுத்து வைக்கிறேன்.” வாரியக் கூட்டம் செப்டம்பர் பத்தாம் தேதி. அதை விட்டால் மூன்று வருஷம்.

உங்கள் நிறுத்தத்தில் காலியாக விட்ட முப்பத்தொரு பேர் பெயரோடு முப்பத்தொரு புதுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் ஒருவர் எழுதினால் மற்றவர்களும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். இதை உங்களிடம் கேட்பதே அநியாயம். நேரில் கேட்க எனக்குத் தெம்பு கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மகன்


ஜூலை 31

அன்புள்ள மாமாவுக்கு,

நாலு வாரமாகப் பதில் வரவில்லை. வராததன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. இந்த வருஷம் அதையாவது கற்றுக்கொண்டேன்.

படிவங்களை அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு விஷயத்தைத் துறைக் கோப்பில் ஏற்று என்று கேட்க நான் யார்? அன்றைக்கு உங்களிடம் கேட்காமல் நிரப்பினேன், இன்றைக்குக் கேட்டு நிரப்பச் சொல்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை. வாரியத்தில் என் தவறை என் பெயரோடு எழுதி வைக்கிறேன். எடுபடாமல் போகலாம், இருந்தாலும் வைக்கிறேன்.

செயற்கைக் காலுக்குள் பஞ்சு வைக்க இப்போது யார் இருக்கிறார்கள்? போன கடிதத்தில் இதைக் கேட்காமல் படிவத்தை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அக்கா மகன்


ஆகஸ்டு 27

அன்பு மாப்ளைக்கு,

மாமன் சௌக்கியம். நீ மெலிந்திருப்பாய் என்று நினைக்கிறேன், சாப்பிடு.

உன் ஜூலைக் கடிதம் இரண்டும் கிடைத்தன. அடுப்பில் போடச் சொன்னது பாதி வேலை முடிந்த பிறகு வந்தது. ஆளைத் தாக்குதலுக்கு அனுப்பிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வா என்கிற அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காது கேட்காதது இப்போது வசதி.

முதல் மூன்று வாரம் என் படிவத்தை எடுத்து மேஜையில் வைப்பேன், திருப்பி உள்ளே வைப்பேன். பிறகு சமையலை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவனிடம் அவன் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கி, ஒரு மூச்சில் “யாரும் இல்லை, மனைவி இறந்துவிட்டாள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆறு வருஷமாக எழுதாததை எழுதினான். எழுதிவிட்டு, உன்னுது எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தான். அவன் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஏன் என்றும் பலகையில் அவனுக்கு எழுதிக் காட்டினேன், ஊன்றுகோல், மணிக்கட்டு எல்லாம். ரொம்ப நேரம் படித்தான். பிறகு துணியால் துடைத்துவிட்டு, “போ, மத்தவங்களையும் பாரு” என்று எழுதினான்.

செயற்கைக் கால் கடிக்கிறது, மூலையில் நிற்க வைத்துவிட்டேன். இரண்டு ஊன்றுகோலோடு ஒரு நாளைக்கு மூன்று வீடு. கதவுக்குப் பின்னால் “ஆள் இல்லை” என்று கத்தினாலும் எனக்குக் கேட்காது, திறக்கும்வரை தட்டுவேன். அதுவே பாதி வேலையைச் செய்தது. என் படிவத்தை முதலில் காட்டினேன். அதைக் காட்டுவதுதான் கஷ்டம், அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவது கஷ்டமில்லை. ஒருத்தனை மகன் பின்கட்டில் தனியாக வைத்திருக்கிறான். ஒருத்தன் மனைவி இருக்கிறாள், அவளுக்கு இவன் யாரென்று நினைவில்லை. மூன்று பேரை மட்டும் பார்க்க முடியவில்லை, அதில் ஒருத்தன் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இருபத்தெட்டு இதோடு இருக்கிறது. தனியாள் எத்தனை என்று நீயே எண்ணிக்கொள், அது உன் வேலை.

அத்தைக்கும் ஒரு கடிதம் போட்டேன். நலம் விசாரிக்கவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. நீ வழுக்கி விழவில்லை, நான் அடித்தேன், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் நியாயம்தான்.

மாமன்


செப்டம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் காலில் கடித்த இடம் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்ட வேண்டாம் என்று நர்ஸம்மா சொல்லச் சொன்னார். நீங்கள் யார் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். “அது எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி, மூக்கு ஒண்ணா இருக்கே” என்றார்.

இருபத்தெட்டில் இருபத்தொரு பேர் தனி. வாரியம் விதியை எடுத்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் நர்ஸுகளே நேரில் போய்ப் பார்க்கப் போகிறார்கள். அதுவரை எல்லாக் காலிக் கட்டத்திலும் ‘தெரியாது’ என்றுதான் இருக்கும். தவறு யாருடையது என்று குறிப்பில் என் பெயர் இருக்கிறது. இயக்குநர் அம்மா வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. சமையல் மாமாவுக்கு இதனால் ஒன்றும் திரும்பி வராது. அவரை நேரில் பார்க்க வேண்டும், என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

நீர்த்தொட்டி நிறுத்தத்துக்குப் புதன்கிழமையிலிருந்து வண்டி வரும்.

உங்கள் படிவத்தில் ஒரு விஷயம். பதினான்காம் கட்டத்தில் “யாரும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், மணிமணியான கையெழுத்து. அதற்குக் கீழே பதினைந்தாம் கட்டத்தில், பார்க்க வந்த உறவினர் என்ற இடத்தில், “அக்கா மகன். மாதம் ஒருமுறை தவறாமல் வருவான்” என்று இருக்கிறது.

நான் கடைசியாக வந்தது அம்மா காரியம் முடிந்த வாரம். விளக்கை மாட்டிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். நாலு வருஷம் ஆகிறது. ஜனவரிப் படிவத்தில் அந்தக் கட்டத்தையும் ஏன் காலியாக விட்டீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தப் படிவத்தை என் இயக்குநர் படிப்பார், வாரியம் படிக்கும் என்று யோசித்து அதை எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் மூடி வைத்திருக்கிறீர்கள்.

அதைத் திருத்திவிட்டேன் மாமா. அடித்து, “யாரும் வரவில்லை” என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாரியத்தில் அதையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை வண்டியில் நர்ஸம்மாவோடு வருகிறேன். பையில் ஒரு பல்பும் இரண்டு சட்டைப் பொத்தானும் வைத்திருக்கிறேன். விளக்கு எரியாது என்று தெரியும், வாசலில் நின்று தரையை உதைப்பேன். ஆறு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும், மெதுவாகவே எழுந்து வாருங்கள்.

உங்கள் அக்கா மகன்